உச்சிப் பொழுதில் வருவது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்கால் இருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் சித்தி பையன்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறான். அண்ணா நகரில் ஒரு படிப்பகத்தில் மாதக் கட்டணம் கட்டி, மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு மேசையும் நாற்காலியும் பிடித்திருக்கிறான். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் அறைக்குத் திரும்புவான்.

"பக்கத்து சீட்டுக்காரர் போன்ல இருந்து பேசுறேண்ணா. என் போனை ரூம்லயே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன். அப்படியும் முடியல. ஒரே பக்கத்தை எட்டுத் தடவை படிச்சாச்சு. கண்ணு ஓடுது, மனசு அங்க இல்ல. கையில போனே இல்லாதப்ப எப்படிண்ணா கவனம் சிதறும்? நான் பொறப்புலயே சோம்பேறி போல."

கடைசிச் சொல் எனக்குப் பழக்கமானது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் எனக்கு மூன்று அரியர். அப்பா திட்டவில்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சொந்தக்காரரிடமும், "அறிவு இருக்கு, ஆனா சோம்பேறி" என்று மட்டும் சொன்னார். அந்த அரியர்களை எழுதி முடித்து, வேலைக்குப் போய், பதினான்கு வருடங்கள் ஆகின்றன. இன்றும் ஒரு டெக்னிக்கல் புத்தகத்தை விரித்து நாலாவது பக்கத்தில் மனம் வழுக்கினால், உள்ளே அந்த வாக்கியம் அப்பாவின் குரலிலேயே கேட்கும்.

தம்பியிடம் "மத்தியானம் கூப்பிடுறேன்டா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. போனே இல்லாதபோது கவனம் எப்படிச் சிதறும்? இதற்கு 1,600 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவரிடம் போன் இல்லை, மின்சாரம் இல்லை, பக்கத்து வீடுகூட இல்லை. பாலைவனத்தில் தனி அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவராலும் படிக்க முடியவில்லை.

*

அவர் பெயர் எவாக்ரியஸ். கி.பி. 345 வாக்கில், கருங்கடலுக்குத் தெற்கே, இன்றைய துருக்கியில் உள்ள போன்டஸ் பகுதியில் பிறந்தவர். நன்கு படித்தவர். கான்ஸ்டான்டினோபிள் நகரத்தில் பெரிய மதகுருமார்களுக்கு உதவியாளராக இருந்து, விவாதங்களில் பெயர் வாங்கினார். அங்கே உயர்குடியைச் சேர்ந்த, மணமான ஒரு பெண்ணின்மேல் காதல் வந்தது. விவகாரம் முற்றுவதற்குள் ஊரைவிட்டே ஓடினார். ஜெருசலேமில் மெலானியா என்ற பெண் துறவி அவருக்கு இடம் கொடுத்தார். 383 வாக்கில் எகிப்துக்குப் போனார். இரண்டு வருடங்கள் நிட்ரியா என்ற துறவியர் குடியிருப்பு. பிறகு அதற்குத் தெற்கே இன்னும் உள்ளடங்கியிருந்த கெல்லியா. 399இல் இறக்கும்வரை அங்கேதான்.

கெல்லியா என்ற சொல்லுக்கு 'அறைகள்' என்று பொருள். அப்படியே ஊர்ப் பெயர் ஆகிவிட்டது. ஒருவர் அறையிலிருந்து பார்த்தால் இன்னொருவர் தெரியக்கூடாது, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கக்கூடாது என்ற கணக்கில் அறைகளைத் தள்ளித் தள்ளி அமைத்திருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் தனிமை. சனி, ஞாயிறு மட்டும் ஒன்றுகூடல். பொதுவாக நாளைக்கு ஒரு வேளை உணவு, அதுவும் ஒன்பதாம் மணியில். அவர்கள் மணிக்கணக்கு சூரிய உதயத்தில் தொடங்கும் என்பதால் அது நம் பிற்பகல் மூன்று மணி. மற்றவர்கள் கூடையும் கயிறும் பின்னினார்கள். எவாக்ரியஸுக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் புத்தகங்களைப் பிரதியெடுத்துப் பிழைத்தார்.

கவனம் சிதறாமல் இருப்பதற்கென்றே ஒரு ஊரைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், இதைவிடச் சரியாகக் கட்ட முடியாது. தம்பியின் மூன்று பக்கப் பலகை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எவாக்ரியஸ், படிக்க உட்கார்ந்த ஒரு துறவியைப் பற்றி எழுதுகிறார். அந்தத் துறவிக்குக் கொட்டாவி வருகிறது. கண்ணைக் கசக்குகிறார், கையை நீட்டிச் சோம்பல் முறிக்கிறார். புத்தகத்திலிருந்து பார்வையை எடுத்துச் சுவரை வெறிக்கிறார். திரும்ப வந்து கொஞ்சம் படிக்கிறார். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று எண்ணிப் பார்க்கிறார். எழுத்து சரியில்லை, அலங்காரம் சரியில்லை என்று புத்தகத்தின்மேல் குறை சொல்கிறார். கடைசியில் புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துப் படுத்துவிடுகிறார்.

முதல்முறை இதைப் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். புத்தகம் எழுதிக்கொடுத்துப் பிழைப்பவர், எழுத்து சரியில்லை என்று குறை சொல்லும் வாசகனைப் பற்றி எழுதுகிறார். பி.டி.எஃப்.பைத் திறந்து, "இந்த ஃபான்ட்ல எப்படிப் படிக்கிறது" என்று வேறு ஃபான்ட் தேடி அரை மணி நேரத்தைத் தொலைத்தவன் நான்.

*

இந்த நிலைக்கு அந்தத் துறவிகள் வைத்த பெயர் அகேடியா. கிரேக்கச் சொல். நேர்ப்பொருள் 'அக்கறை அற்றுப்போதல்'. 'மனசு ஒட்டாமை' என்று நம் வழக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

மனிதனைத் தொந்தரவு செய்யும் எண்ணங்கள் எட்டு என்று எவாக்ரியஸ் பட்டியலிட்டார். பெருந்தீனி, காமம், பேராசை, துயரம், கோபம், அகேடியா, வீண்புகழ், செருக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பேய் இருப்பதாக அவர் நம்பினார். எல்லாவற்றிலும் பாரமானது அகேடியாவின் பேய்தான் என்றார். அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: நண்பகல் பேய்.

ஏன் நண்பகல்? அது நாலாம் மணிக்கு வந்து எட்டாம் மணிவரை ஆளைச் சுற்றி வளைக்கும் என்கிறார். நம் கணக்கில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை. பேய் முதலில் செய்யும் வேலை, சூரியன் நகரவே இல்லை என்று தோன்றவைப்பது. பகல் ஐம்பது மணி நேரம்போல நீளும். கண் ஜன்னலுக்குப் போகும். பிறகு கால் வாசலுக்குப் போகும். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து சூரியனைப் பார்க்கவைக்கும். யாராவது வருகிறார்களா என்று அக்கம்பக்கம் பார்க்கவைக்கும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. இந்த இடம் பிடிக்கவில்லை, இந்தத் தொழில் பிடிக்கவில்லை என்று தோன்றும். இங்கே யாருக்கும் யார்மேலும் அன்பு இல்லை, நமக்கு ஆறுதல் சொல்ல ஒரு ஆள் கிடையாது என்று தோன்றும். வேறு ஊருக்குப் போனால் இதைவிடச் சுலபமான வேலை கிடைக்குமே என்று தோன்றும். வீட்டு ஞாபகம் வரும். இன்னும் எத்தனை வருடம் இப்படியே ஓட்டுவது என்று முழு ஆயுளும் கண்முன் நீளும்.

ஒரு பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தவன் அரை மணி நேரத்தில் தன் வாழ்க்கையே தப்பு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடமாகத் தெரியும். பக்கம் நகராது, பிறகு இந்தப் பாடமே தப்பு, பிறகு இந்தத் தேர்வே தப்பு, பிறகு நானே தப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் உச்சி வெயிலில் குழந்தைகளைப் புளியமரத்தடிக்கு விடமாட்டார்கள். "உச்சி நேரத்துல முனி நடமாடும்டா" என்பாள் அப்பாயி. அந்த முனிக்கும் எகிப்துப் பேய்க்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நிழல் காலடியில் சுருங்கி, காற்றும் நின்றுபோன அந்த நேரத்தில் ஏதோ வருகிறது என்று இரண்டு இடத்திலும் மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

*

பேய் என்றதும் நாம் நகைக்கிறோம். ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு எவாக்ரியஸ் பேயைக் கையாளும் விதம் ரொம்பப் பரிச்சயமாக இருந்தது. அவர் லாக் எடுக்கச் சொல்கிறார்.

உன் எண்ணங்களைக் கவனி, எது எப்போது வருகிறது, எவ்வளவு அழுத்தமாக வருகிறது, எப்போது தணிகிறது, எதற்குப் பின் எது வருகிறது என்று குறித்துக்கொள் என்பது அவர் அறிவுரை. ப்ரொடக்‌ஷனில் சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் செய்வதும் இதைத்தான். யார் முட்டாள் என்று தேடுவதில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இன்னொரு இடத்தில் அவர் போடும் கோடு முக்கியமானது. இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாமலிருப்பதும் நம் கையில் இல்லை. அவை தங்கிவிடுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்கிறார். அதாவது கவனம் சிதறுவது குற்றமே இல்லை. அது வானிலை மாதிரி. குடை எடுப்பது மட்டும்தான் நம் பொறுப்பு.

குடைகள் என்னென்ன? எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். அறையைவிட்டு எழுந்து போகாதே. எந்த வேலைக்கும் ஒரு அளவு வைத்துக்கொள், அந்த அளவை முடிக்காமல் விடாதே. பேய் என்ன சொல்லும் என்பது முன்கூட்டியே தெரியும் அல்லவா, அதற்குப் பதிலும் தயாராக வைத்துக்கொள். எட்டுப் பேய்களுக்கும் திருப்பிச் சொல்ல, கிட்டத்தட்ட ஐந்நூறு வேத வசனங்களைத் தொகுத்து ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்.

அவருக்கு முந்தைய தலைமுறையில், 356இல் இறந்த அந்தோனியார் பற்றி ஒரு கதை உண்டு. பாலைவனத் துறவிகளுக்கெல்லாம் மூத்தவர் அவர். அவருக்கும் அகேடியா வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே வந்தபோது, தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதைப் பார்த்தார். அவர் சற்று நேரம் திரித்துவிட்டு, எழுந்து நின்று பிரார்த்தனை செய்தார். மறுபடி உட்கார்ந்து திரித்தார். மறுபடி எழுந்தார். வந்தவர் ஒரு தேவதூதர் என்கிறது கதை. இப்படியே செய், தப்பித்துவிடுவாய் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

1980களின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு நேரம் குறித்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் படிப்பு, சிறு இடைவேளை, மறுபடி 25 நிமிடம். அதுதான் இன்று எல்லோர் போனிலும் இருக்கும் பொமொடோரோ. தேவதூதருக்குப் பதில் தக்காளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

எவாக்ரியஸின் காலத்தில் எகிப்தின் துறவிகளைத் தேடிச் சுற்றிய இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், காஸியனும் ஜெர்மானுஸும். பல வருடங்கள் கழித்து காஸியன் இன்றைய பிரான்சின் மார்சே நகரில் மடங்களை நிறுவி, தாங்கள் கேட்டதையெல்லாம் லத்தீனில் எழுதினார்.

அதில் ஜெர்மானுஸ் ஒரு மூத்த துறவியிடம் புலம்பும் இடம் இருக்கிறது. ஒரு சங்கீதத்தைத் தியானிக்க ஆரம்பிக்கிறேன், அதன் ஒரு வரி வேறொரு சங்கீதத்தை ஞாபகப்படுத்துகிறது, அங்கே போகிறேன், அது நற்செய்தியில் ஒரு இடத்துக்கு இழுக்கிறது, அங்கிருந்து வேறொன்று, கடைசியில் எதையும் முழுசாகப் படிக்கவில்லை என்கிறார். விக்கிபீடியாவில் சோழர் வரலாறு திறந்து ஒரு மணி நேரம் கழித்து ஆக்டோபஸின் மூளை பற்றிப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இது புரியும். பிரவுசரே இல்லாமல் பத்து டேப் திறந்து வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

மற்றொரு மூத்தவர், மோசே, ஓர் உவமை சொல்கிறார். மனம் ஆற்று நீரில் ஓடும் மாவு ஆலை. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த ஆலைக்காரனால் முடியாது. ஆனால் கோதுமை போடுவதா, பார்லி போடுவதா, களை விதை போடுவதா என்பது அவன் முடிவு.

காஸியன் சொல்லும் இன்னொரு கதையை என்னால் மறக்க முடியவில்லை. பவுல் என்ற துறவி, சந்தையிலிருந்து ஏழு நாள் நடைதூரத்தில் ஒரு குகையில் இருந்தார். பேரீச்ச மரங்களும் சின்னத் தோட்டமும் அவர் சாப்பாட்டுக்குப் போதும். இருந்தும் தினம் ஓலை சேகரித்தார், பிழைப்பே அதில்தான் என்பதுபோல் தினம் ஒரு அளவு வைத்து வேலை செய்தார். விற்கக் கொண்டுபோனால் வண்டிக்கூலிகூட மிஞ்சாது. குகை நிறைந்ததும், வருடத்துக்கு ஒரு முறை, எல்லாவற்றையும் தீ வைத்துக் கொளுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கையில் வேலை இல்லாவிட்டால் ஒரே இடத்தில் மனம் நிற்காது என்பதற்கு காஸியன் இதை உதாரணமாகச் சொல்கிறார். என் கணினியில் பாதியில் நிற்கும் பதினேழு சைடு ப்ராஜெக்ட்கள் உண்டு. ஒன்றைக்கூட அழிக்க எனக்கு மனம் வராது.

*

இவ்வளவு நுட்பமாகக் கவனித்த இந்த அறிவு பிறகு என்ன ஆனது?

எவாக்ரியஸின் சில இறையியல் கருத்துகள் திருச்சபைக்கு ஒவ்வவில்லை. 553இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கத்தையொட்டி அவர் பெயர் கறைபட்டது. கிரேக்கத்தில் அவருடைய சில நூல்கள் நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில்தான் தப்பின. சில, சிரியாக் மொழிபெயர்ப்பில் மட்டுமே பிழைத்தன. கொட்டாவி விடும் துறவி வரும் நூலும் நீலுஸ் பெயரில் சுற்றியதுதான்.

பட்டியல் மட்டும் காஸியன் வழியாக மேற்கே போயிருந்தது. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த முதலாம் கிரகோரி அந்த எட்டைத் திருத்தி ஏழாக்கினார். அவர் பட்டியலில் அகேடியா என்ற பெயரே இல்லை. துயரத்துக்குள் அது கரைந்துவிட்டது. பின்னாட்களில் அது மறுபடி தலைகாட்டியபோது ஆள் மாறியிருந்தது. 1215க்குப் பிறகு எல்லா விசுவாசிகளும் வருடம் ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதி வந்தது. குருமார்களுக்கு எளிய கேள்விப் பட்டியல்கள் தேவைப்பட்டன. கோயிலுக்குத் தாமதமாக வந்தாயா? பிரசங்கத்தில் தூங்கினாயா? கடமையைத் தள்ளிப்போட்டாயா? மெல்ல மெல்ல, பாலைவனத்தில் உழைப்பாளிகளைப் பிடித்த நண்பகல் பேய், ஊர்ச் சோம்பேறியின் சோம்பலாக ஆனது.

எவாக்ரியஸுக்கு அது பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகிற ஒன்று. அது போனபின் ஒரு அமைதியும் சொல்லமுடியாத மகிழ்ச்சியும் வரும் என்றுகூட எழுதியிருக்கிறார். வருவது போகும். ஆனால் சோம்பேறித்தனம் வருவதுமில்லை, போவதுமில்லை. அது ஆளின் குணம்.

இந்த வித்தியாசம் நம் பேச்சிலேயே இருக்கிறது. தமிழில் தூக்கம் 'எனக்கு வருகிறது'. கோபம் 'எனக்கு வருகிறது'. கொட்டாவி, அழுகை, சலிப்பு எல்லாம் வருகின்றன. நான் வாசலில் நிற்கிறேன், அவை வந்து போகின்றன. ஆனால் சோம்பேறி மட்டும் 'நான்'. அதற்கு வருகை கிடையாது.

அப்பா ரிட்டயர் ஆனபின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் வாங்கினார். முதல் பாகத்தில் முப்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. போன பொங்கலுக்குப் போனபோது புத்தகம் டிவி ஸ்டாண்டில் கிடந்தது. ஏன்ப்பா என்றேன். "மனசு ஒட்ட மாட்டேங்குதுடா" என்றார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது மனசு ஒட்டவில்லை. பையனைப் பற்றிச் சொல்லும்போது சோம்பேறி. அவரைக் குற்றம் சொல்லவில்லை. நாம் எல்லோரும் இப்படித்தான் இலக்கணத்தைப் பிரித்துப் பயன்படுத்துகிறோம். விசித்திரம் என்னவென்றால், நான் என் விஷயத்திலும் அப்பாவின் இலக்கணத்தையே பதினான்கு வருடமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

*

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பாலைவனப் பேய் தன்னால் வந்தது, நம்முடையது தயாரிக்கப்பட்டு வருகிறதே?

உண்மைதான். இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஷாப்பிங் செயலியில் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் பகுதியை எழுதிய குழுவில் இருந்தேன். எந்த நேரத்தில் அனுப்பினால் மக்கள் அதிகம் திறக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நேரத்தில் தானாகவே போகும்படி கோடு எழுதினோம். எங்கள் டேஷ்போர்டில் மிக உயர்ந்து நின்ற கோடுகளில் ஒன்று மதியத்தை ஒட்டியது. அன்று அதைப் பார்த்துக் கைதட்டினோம். எவாக்ரியஸைப் படித்த பிறகுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் புரிந்தது. மனம் வாசலுக்கு வந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்கும் நேரம் அது. நாங்கள் அந்த நேரம் பார்த்து வாசலில் போய் நின்றோம். பேய்க்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாசலுக்கு வரும் பழக்கம் எங்களுக்கு முன்பே மனிதனிடம் இருந்தது. அதனால்தான் போனைப் பூட்டிவைத்தால் மட்டும் போதவில்லை. பூட்டிவைப்பது அவசியம், அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகும் பதினொன்றே முக்காலுக்கு அது வரும். வந்தால், பூட்டியும் பலனில்லையே, அப்படியானால் தப்பு என்மேல்தான் என்று முடிவு கட்டவேண்டாம் என்பதைத்தான் இந்த 1,600 வருடக் கதை சொல்கிறது.

*

அன்று மத்தியானம் மூன்றரைக்குத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். அதே பக்கத்து சீட்டுக்காரர் எண். எவாக்ரியஸ் பற்றியெல்லாம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இப்ப எப்படிடா இருக்கு?"

"இப்பப் பரவால்லண்ணா. சாப்பிட்டு வந்து ஒரு சாப்டர் ஓடிருச்சு."

"அப்ப காலையில இருந்த சோம்பேறி எங்க போனான்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சிரித்தான்.

ஒரு நோட்டு வாங்கி, அது எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். வந்தால் எழுந்து போகவேண்டாம், இன்றைக்கு இத்தனை பக்கம் என்று வைத்த அளவை மட்டும் மெதுவாக முடி என்றேன். அவனுக்குத் தேர்வு கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. பல லட்சம் பேர் எழுதும் தேர்வு, இடங்கள் அதில் மிகச் சிலருக்குத்தான். கவனத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் குறைவு. அவன் தோற்றாலும், சோம்பேறி என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு முப்பத்தைந்து வயதுவரை நடக்கவேண்டாம் என்பதுதான் என் கவலை.

இரவு அறைக்குத் திரும்பியதும் நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறான். 'வந்தது 11.10, போனது 2.20.' 'வந்தது 10.45, போனது 1.50.' ஒரு நாள் 'வரவே இல்லை'. மறுநாள் இரண்டு தடவை.

நேற்றைய வரி கொஞ்சம் நீளம். 'வந்தது 11.30. எங்கேயும் போகல. அதுபாட்டுக்கு இருந்துச்சு, நானும் உட்கார்ந்திருந்தேன். ஆறு பக்கம்.'